கரட்டடியில் வீடுகள் இல்லை

சென்னகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு ராமப்பா" என்றபோதே ஏதோ சரியில்லை என்று ராமப்பனுக்குப் பட்டது. பதினெட்டு வருடமாக அந்தக் கல்குவாரியில் வேலை செய்கிறான். அதில் ஏழு வருடம் மேஸ்திரி. மேனேஜர் அறையில் அவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான்.

மேஜைமேல் ஒரு வரைபடம் விரிந்திருந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருந்தது.

"இது எழுவத்தி நாலுல குடுத்த பர்மிட்டு. இருவது வருச குத்தக. இந்த வருசத்தோட முடியுது" என்றார் சென்னகிருஷ்ணன். "முன்னெல்லாம் ஒரு மனு எழுதிப் போட்டா புதுப்பிச்சிக் குடுத்துடுவாங்க. இப்ப அப்பிடியில்ல. சுற்றுச்சூழல், தூசி, தண்ணி, வெடிச் சத்தம்னு புதுசு புதுசா சட்டம் வந்துடுச்சி. பழைய குத்தகயெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து, புதுச் சட்டத்துக்குச் சரியா இருக்குதான்னு பாக்கறாங்க. குடியிருக்கற எடத்துலருந்து முந்நூறு மீட்டருக்குள்ள வெடி வைக்கக் கூடாதாம்."

ராமப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். குவாரிப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் கரட்டடி தெரிந்தது. இருபத்து மூன்று வீடுகள். அவன் வீடு முதல் வரிசையில் மூன்றாவது.

"நம்ம வூடுங்க நூத்தி எம்பதுதான் இருக்கும் சார்."

"அதான். இந்த மேப்புல பாரு, அங்க வூடே கிடையாது. வெறும் பொறம்போக்கு. எழுவத்தி நாலுல ஒரு குடிசகூட இல்ல. நீங்க வேலைக்கி வந்து, ஒருத்தர் பின்னால ஒருத்தரா கட்டிக்கினீங்க." வரைபடத்தை மடித்தார். "வியாழக்கெழம தருமபுரியிலருந்து ஆபீசர் வர்றாரு. வூடு இருந்தா குத்தக இல்ல. குத்தக இல்லன்னா வேல இல்ல. நான் வேற எதுவும் சொல்லல."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பிரிச்சி வெச்சுடுங்க. ஒரு வாரம். ஆபீசர் போனதும் திரும்பக் கட்டிக்குங்க. கம்பெனியே சிமெண்டு ஷீட்டு குடுக்கும். என் வார்த்த."

இப்படித்தான் ஆரம்பித்தது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் சாலையில், பேருந்து நிற்காத ஒரு வளைவிலிருந்து உள்ளே ஒன்றரை மைல் போனால் அனுமக்கரடு என்ற சிறு பாறைக் குன்று. அதைச் சுற்றி வானம் பார்த்த பூமி. கேழ்வரகு போட்டால் பாதியை மழை ஏமாற்றும், மீதியை யானை தின்னும். ஓசூரில் தொழிற்சாலைகள் வரிசையாக வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் முதலில் கேட்பது ஐ.டி.ஐ. சர்டிபிகேட். கரட்டடிக்காரர்களுக்குக் கையில் காய்ப்பைத் தவிர வேறு சர்டிபிகேட் கிடையாது. நாகரசம்பட்டிப் பக்கமிருந்து, அஞ்செட்டிப் பக்கமிருந்து, கர்நாடக எல்லை தாண்டி ஆனேக்கல்லிலிருந்துகூட, கல்லை நம்பி வந்தவர்கள் அவர்கள். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசினாலும் பள்ளத்தில் இறங்கிவிட்டால் எல்லோருக்கும் தமிழ் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் ராமப்பன் எல்லோரையும் கூட்டினான். மேனேஜர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான். கரியப்பன்தான் முதலில் பேசினான். பாறையைத் துளைக்கும் ஜாக்ஹேமர் பிடிக்கிறவன், ராமப்பன் தொழில் பழக்கிய ஆள் என்பதால் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

"ஒரு வாரந்தானே அண்ணா. செவுரு மண்ணு. தண்ணி ஊத்தினா பத்து நாள்ல எழுப்பிடலாம். வேல போச்சுன்னா எதால எழுப்பறது?"

நஞ்சம்மா எழுந்து நின்றாள். புருஷன் பாறை சரிந்து செத்து நாலு வருடமாகிறது. ஜல்லி உடைத்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறாள். "திரும்பக் கட்டறதுக்கு வுடுவாங்கன்னு எழுதிக் குடுப்பாங்களா?"

"இல்லாத வூட்டுக்கு யாரு நஞ்சம்மா எழுதிக் குடுப்பாங்க?" என்றான் ராமப்பன். அவன் சமாதானமாகத்தான் சொன்னான். சொன்ன பிறகு அந்தச் சொல் அவனுக்கே கசந்தது. "நான் பொறுப்பு. மேனேஜரு எங்கிட்ட சொல்லியிருக்காரு. அதுக்கு மேல என்னா வேணும்?"

கூட்டம் கலைந்தது. வீட்டுக்குள் சாந்தம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள். "நீ பொறுப்புன்னு சொல்லிட்ட. உனக்கு யாரு பொறுப்பு?"

"வேற வழி இருந்தா சொல்லு."

"கல்லு வந்து கூரமேல வுழும்போதெல்லாம் வூடு வூடாப் போயி, எதுவும் இல்ல, எதுவும் இல்லன்னு சொன்னவன் நீ. போன வருசம் கெணத்துத் தண்ணி சுண்ணாம்பா வந்தப்ப, வடிகட்டிக் குடிங்கன்ன. இப்ப வூடே இல்லன்னு சொல்லச் சொல்ற." அவள் திரும்பவில்லை. "அந்த ஆபீசர் நம்மளப் பாக்கத்தானே வர்றாரு? வெடி நம்மமேல வுழக் கூடாதுன்னுதானே சட்டம் போட்டிருக்காங்க? நாம எதுக்கு ஒளியணும்?"

ராமப்பனிடம் இருந்த ஒரே பதில் பசி. அதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் அவனே முதலில் தன் கூரையில் ஏறினான். மேஸ்திரி பிரித்தால்தான் மற்றவர்கள் பிரிப்பார்கள். ஓடுகளை இறக்கி அடுக்கினான். வாரிக்கட்டைகளை உருவினான். கதவை நிலையோடு பெயர்த்துச் சாய்த்து வைத்தான். கடைசியாகக் கடப்பாரையால் சுவரை நெம்பினான். பன்னிரண்டு வருடத்துச் சுவர் இரண்டு நெம்புக்கு மேல் தாங்கவில்லை. அதன் பிறகு கரட்டடி முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது. சாமான்களை அரை மைல் தள்ளியிருந்த மாந்தோப்புக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். தோப்புக்காரர் ஒரு வாரம் என்றதால் சரி என்றிருந்தார். மண்ணை வாரிக் குவாரிக் கழிவோடு கொட்டக் கம்பெனி டிப்பர் லாரி வந்தது. புதன்கிழமை பொழுது சாயும்போது கரட்டடியில் தரை மட்டும் இருந்தது. சாணி மெழுகிய இருபத்து மூன்று சதுரங்கள்.

சாந்தம்மா ஒன்றை மட்டும் தொடவிடவில்லை. அவள் அடுப்பு. சுவர் இல்லாத வெளியில் அது தனியாக உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் மாடசாமி. கனிமவளத் துறையில் புவியியலாளர். ஒல்லியான ஆள். தெற்கத்திப் பேச்சு. கூட வந்த இருவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பிலிருந்து அளந்துகொண்டே வந்தார்கள். சென்னகிருஷ்ணன் பக்கத்தில் நடந்து விளக்கிக்கொண்டு வந்தார். தொழிலாளர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து போகிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்க நாலு கொட்டகை போட்டிருந்தார்கள், அதையும் எடுத்தாயிற்று என்றார்.

மாடசாமி ஒரு மெழுகிய தரையில் நின்று குனிந்து பார்த்தார். ஒரு முருங்கை மரத்தைப் பார்த்தார். துவைக்கிற கல்லைப் பார்த்தார். அங்கிருந்து நடந்தவர், சாந்தம்மாவின் முன்னால் நின்றார். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உம்ம வீடு எங்க இருக்கு?"

சாந்தம்மா கரண்டியை நிறுத்தினாள். நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை, ராமப்பனைப் பார்த்தாள். சுற்றிலும் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். கரியப்பன் தரையைப் பார்த்தான். சென்னகிருஷ்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அவங்க சமையலுக்கு வர்ற அம்மா சார்" என்றான் ராமப்பன். "ஆளுங்களுக்கு மத்தியானக் களி செய்ய வருவாங்க. ஊரு நாகரசம்பட்டிப் பக்கம்."

அதுவும் முழுப் பொய் இல்லை. அவள் பிறந்த ஊர் அதுதான்.

"நீரு யாரு?"

"மேஸ்திரி சார். ராமப்பன்."

"இங்க குடியிருந்தவங்க யாரும் உண்டுமா?"

"இல்லீங்க சார்."

"நல்லா யோசிச்சிச் சொல்லும். நான் எழுதிக்கிடுவேன். எழுதினா மாத்த முடியாது பாத்துக்கிடும்." அவர் குரலில் அதட்டல் இல்லை, கொஞ்சம் கெஞ்சுவதுபோலக்கூட இருந்தது.

"இல்லீங்க சார்" என்றான் ராமப்பன் மறுபடியும்.

மாடசாமி ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதினார். உரக்கப் படித்துக் காட்டினார். குவாரியிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு எதுவும் இல்லை, முன்பும் இருந்ததில்லை. ராமப்பன் கையெழுத்துப் போட்டான். எட்டாவது வரை படித்தவன், எழுத்து அழகாகவே இருக்கும். இன்னும் ஒன்பது பேர் கைநாட்டு வைத்தார்கள். ஜீப் போனது.

சாந்தம்மா களியை உருட்டி எல்லோருக்கும் போட்டாள். ராமப்பனுக்கும் போட்டாள். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் நாற்பது நாளைக்கு மேல் அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. கேட்கும்போதெல்லாம் சென்னகிருஷ்ணன், "ஆர்டர் வரட்டும், அவசரப்படாதே" என்றார். செப்டம்பரில் ஆர்டர் வந்தது. குத்தகை பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அன்றே லாரியில் கல்தூண்களும் முள்கம்பியும் வந்து இறங்கின.

"நிபந்தன போட்டுட்டாங்க ராமப்பா" என்றார் மேனேஜர். இந்தத் தடவை நாற்காலி இல்லை. "முந்நூறு மீட்டர் சுத்தி வேலி போடணும். உள்ள யாரும் குடியேறாமப் பாத்துக்கணும். மரம் நட்டு வளக்கணும், தூசி ஊருப் பக்கம் போவாம இருக்க. பசுமை வளையம்னு போட்டிருக்கு. நான் என்னா பண்ண முடியும், சட்டம்."

"கட்டிக்கலாம்னு சொன்னீங்களே சார். உங்க வார்த்தன்னு சொன்னீங்க."

"நான் சொன்னேன். கவர்மெண்டு சொல்லலியே. நீதானே எழுதிக் குடுத்த, அங்க வூடே இல்லன்னு?" அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார். "ஆள வெச்சி குழி எடுக்கச் சொல்லு. தைல மரக் கன்னு நாளைக்கி வருது."

குழி எடுக்கும் வேலையை மேஸ்திரிதான் பிரித்துக் கொடுக்க வேண்டும். ராமப்பன் கொடுத்தான். மெழுகிய தரைகளைக் கடப்பாரை குத்திப் பிளந்தது. தன் வீட்டுத் தரையில் வேறு யாரும் இறங்க வேண்டாம் என்று அவனே இறங்கினான். நாலு குழி. அடுப்பு இருந்த இடத்துக்கு வந்தபோது கடப்பாரையைக் கீழே வைத்தான். சாந்தம்மா எங்கிருந்தோ வந்தாள். அடுப்பை உடைத்து மண்கட்டிகளைக் கூடையில் வாரித் தலையில் வைத்துக்கொண்டு மாந்தோப்பைப் பார்த்துப் போனாள்.

அந்த வருடம் மழை ஏமாற்றவில்லை. வேண்டாதபோது பெய்தது. மாந்தோப்பில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன் அடியில் இருந்தார்கள். தரை சொதசொதவென்று ஊறிப்போய்ப் படுக்க முடியவில்லை. செங்கல்லை வைத்து, அதன்மேல் பிரித்த கதவுகளைக் கிடத்திப் படுத்தார்கள். தோப்புக்காரர் தினம் வந்து எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்து குடும்பங்கள் அந்த மாதமே கிளம்பின.

நஞ்சம்மாவின் சின்ன மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி ஜுரம் வந்தது. ஓசூர் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். ராமப்பன் தினம் வேலை முடிந்து போய் வார்டு வாசலில் நிற்பான். நஞ்சம்மா உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்தது. அழைத்துவரும்போது பேருந்தில் நஞ்சம்மா சொன்னாள்.

"மேஸ்திரி, நான் உன்ன ஒண்ணும் கேக்கல. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எம்புள்ள செத்திருந்தா, எந்த ஊருன்னு எழுதியிருப்பாங்க?"

அன்று ராமப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து தருமபுரிக்கு வண்டி மாறினான்.

மாடசாமி அவனை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ராமப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? தர மெழுகினது காயக்கூட இல்ல" என்றார். "அதுக்குத்தான் ரெண்டு மட்டம் கேட்டேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு வாயத் தொறந்திருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். உம்ம கையெழுத்த வச்சிக்கிட்டு நான் என்னத்தச் செய்ய?"

"பொய் சார். பயத்துல போட்டது."

"இன்னைக்கு நீரு சொல்றது மட்டும் மெய்யின்னு மேல உள்ளவங்க எப்படி நம்புவாங்க? ரேசன் கார்டு இருக்கா?"

"எல்லாருக்கும் சொந்த ஊருல. இங்க மாத்தறதுக்குக் கம்பெனி லெட்டரு குடுக்கல."

"ஓட்டர் லிஸ்ட்டு?"

"அதுவும் ஊருலதான்."

மாடசாமி பேனாவை மூடினார். "அந்த எடத்துல வீடு இருந்துச்சுன்னு சர்க்கார் கையால எழுதினது ஏதாவது ஒண்ணு கொண்டாரும். ஒண்ணு போதும். மறு விசாரணைக்கு நான் எழுதறேன்."

சர்க்கார் கையால் எழுதியது. திரும்பி வரும் வழியெல்லாம் ராமப்பன் அதையே நினைத்தான். சர்க்கார் கரட்டடியில் எதை எழுதியது? கொசு மருந்து அடிக்க வந்தவர்கள் சுவரில் தேதி எழுதினார்கள். சுவர் எங்கே? குவாரிக் குப்பையில். பெயர்த்தது யார்? அவன்தான். தோப்புக்கு வந்து ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து, கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் புலம்பினான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் நானே அழிச்சேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

சாந்தம்மா படுக்கையைச் சுருட்டி எறிந்துவிட்டு, அடியில் கிடந்த கதவைப் புரட்டினாள்.

"இது என்னான்னு பாரு."

கதவின் மேல்மூலையில் கறுப்புச் சாயத்தில் ஒரு எண். மூன்று. அதைச் சுற்றி ஒரு கட்டம். தொண்ணூற்றொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் வீடு வீடாக எழுதிவிட்டுப் போனது.

ராமப்பன் அதைத் தடவிப் பார்த்தான். நாற்பத்தாறு நாளைக்குப் பிறகு அவள் பேசியிருக்கிறாள் என்பதுகூட அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

கதவு இருந்தது. மனுவுக்கு அது ஒன்று போதும், விசாரணையில் நிற்க மற்ற வீட்டுக் கதவுகளும் வேண்டும். அவற்றைக் கொடுக்கத்தான் ஆளில்லை. குவாரி ஓடிக்கொண்டிருந்தது, வேலை இருந்தது. வீடு இருந்தது என்று நிரூபித்தால் வேலை போகும். ராமப்பன் ஒவ்வொரு தார்ப்பாயாகப் போய்க் கேட்டான். சிலர் கதவை விற்றுவிட்டேன் என்றார்கள். அவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கரியப்பன் மறைக்கவில்லை. நேராகவே சொன்னான். "உன் பேச்சக் கேட்டு வூட்ட இடிச்சோம் அண்ணா. இப்ப உன் பேச்சக் கேட்டு வேலையையும் இடிக்கணுமா? உனக்கு மனசு உறுத்துது. அதுக்கு எம்புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா?"

"வூடு வேணாமா கரியா?"

"வேணும். சோத்துக்கு அப்பறம் வேணும்."

அவன் சொன்னதில் தப்பு என்ன என்று ராமப்பனால் காட்ட முடியவில்லை. ஏழு கதவுகள்தான் கிடைத்தன. ஏழாவது நஞ்சம்மாவுடையது. ஆனேக்கல் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிற அன்று, தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் சாய்த்துவிட்டுப் போனாள்.

ஜனவரியில், பொங்கல் கழிந்து, தேன்கனிக்கோட்டை தாலுகா அலுவலகத்தில் மறு விசாரணை வைத்தார்கள். ராமப்பன் ஒரு கட்டை வண்டி பிடித்து ஏழு கதவையும் ஏற்றினான். சாந்தம்மா வண்டிக்குப் பின்னால் நடந்தாள். புளியமரத்தடியில் கதவுகளை வரிசையாகச் சாய்த்து வைத்தபோது வழியில் போனவர்கள் விலை கேட்டார்கள்.

சென்னகிருஷ்ணன் ஒரு வக்கீலோடு வந்திருந்தார். வக்கீல் கதவுகளைப் பார்த்துச் சிரித்தார். "கதவு எந்த ஊருக் கதவுன்னு யாருக்குத் தெரியும்? நாலு ஊர்ல வாங்கியாந்து சாத்தி வைக்கலாம்."

மாடசாமி தாலுகா அலுவலக எழுத்தரிடம், கணக்கெடுப்பு சமயத்தில் தயாரித்த வீட்டு எண் பட்டியலைத் தேடச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எழுத்தர் தூசி படிந்த கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். அனுமக்கரட்டு அடிவாரம், வீட்டு எண் ஒன்று முதல் இருபத்து மூன்று வரை, ஜனம் நூற்றுப் பதினான்கு. எதிரே குடும்பத் தலைவர் பெயர்கள். கதவு எண் மூன்று, ராமப்பன். கதவு எண் பதினாறு, நஞ்சம்மா. ஏழும் சரியாக இருந்தன.

"இனி நீரு சொல்லணும்" என்றார் மாடசாமி. "ஆகஸ்ட்ல குடுத்தது பொய் வாக்குமூலம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். உம்ம மேல கேஸ் வந்தாலும் வரும். மிரட்டிச் சொல்ல வச்சாங்களா?"

ராமப்பன் சென்னகிருஷ்ணனைப் பார்த்தான். அவரும் பார்த்தார். மிரட்டினார்கள் என்று சொல்லிவிட்டால் சுலபம்.

"மிரட்டல சார். கேட்டாங்க. நான் சொன்னேன். மத்தவங்க என்ன நம்பித்தான் கை வெச்சாங்க. பொய் என்னோடது." பக்கத்தில் நின்ற சாந்தம்மாவைக் காட்டினான். "இது எம் பொஞ்சாதி. அன்னிக்கி சமையல்காரின்னு சொன்னேன். அதையும் மாத்தி எழுதிக்குங்க."

அந்த மாதமே குவாரி நின்றது. கம்ப்ரெஸர் இயந்திரத்தின் சத்தம் இல்லாத கரட்டைப் பிள்ளைகள் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

ராமப்பனோடு யாரும் பேசவில்லை. சாலையில் எதிர்ப்பட்டால் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். கரியப்பன் குடும்பத்தோடு கிளம்பிய அன்று சாமான்களை வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டுத் தோப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "மேஸ்திரி ஜெயிச்சிட்டான். எல்லாரும் போயி அந்த வெறும் தரையில படுத்துக்குங்க."

இறுதி ஆணை வர ஏப்ரல் ஆயிற்று. கரட்டின் கிழக்கு முகத்தில் இனி வெடி கிடையாது. மேற்கு முகத்தில், அளவெல்லைக்கு அப்பால், புது நிபந்தனைகளோடு வெட்டிக்கொள்ளலாம். அங்கே நல்ல கல் கிடையாது என்பது ராமப்பனுக்குத் தெரியும். கம்பெனிக்கும் தெரியும். இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு அவர்கள் ஆந்திர எல்லையில் வேறொரு மலைக்குப் போய்விட்டார்கள். சென்னகிருஷ்ணன் அவர்களோடு போகவில்லை. அவரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி. ராமப்பன்மேல் வழக்கு வரவில்லை. மாடசாமி என்ன எழுதினாரோ தெரியாது.

வேலியைக் கழற்றி, தைலக் கன்றுகளைப் பிடுங்கி, ஆறு குடும்பங்கள் திரும்பவும் சுவர் எழுப்பின. மே மாதம் சர்வேயர் வரைபடத்தைத் திருத்த வந்தார். ராமப்பன் அவர் கூடவே நடந்து, காலியாகக் கிடந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று சொன்னான். இது கரியப்பன் வீடு. இது நஞ்சம்மா வீடு. இது திம்மராயன் வீடு.

சர்வேயர் பென்சிலை எடுக்கவில்லை. "ஆறு வூடுதான்யா இருக்குது."

"இருவத்தி மூணு சார். ஆளுங்க வேலைக்கிப் போயிருக்காங்க. வந்துடுவாங்க."

"வந்தா வரட்டும். இல்லாத வூட்ட இருக்குதுன்னு போட முடியாது."

இருபது வருடத்துப் பழைய வரைபடத்தில் ஆறு சின்னக் கட்டங்கள் ஏறின. சாந்தம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் போன பிறகு ராமப்பனிடம், "போயிக் கூட்டிக்கினு வா" என்றாள். "உன் வாயால போனவங்க. உன் வாயாலயே கூப்பிடு. வராட்டிப் போறாங்க. நீ போ."

அப்படித்தான் ராமப்பன் போக ஆரம்பித்தான். ஓசூரில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்த நாளில் தூக்கினான். கிடைக்காத நாளில் ஆட்களைத் தேடினான். ஆனேக்கல் சூளையில் நஞ்சம்மாவைப் பார்த்தான். பிள்ளைகளை அங்கே கன்னடப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தாள். "எடம் இருக்கட்டும் மேஸ்திரி" என்றாள். "இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்." திம்மராயன் பெங்களூரில் என்றார்கள், பெங்களூரில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூலையில் ஜூஜுவாடி எல்லையில், செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், கரியப்பனைக் கண்டான். இன்னொருவனோடு சேர்ந்து இரும்புப் பட்டைக் கட்டுகளை ஒரு லாரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். தோள் எலும்பு தெரிந்தது. ராமப்பனைப் பார்த்தும் பார்க்காதவன்போல வேலை செய்தான்.

"கரியா, வரைபடத்துல ஏத்திட்டாங்க. கரட்டடின்னு பேரு போட்டுட்டாங்க. உன் எடம் அப்பிடியே இருக்குது. செவுரு நானே வெச்சித் தர்றேன்."

கரியப்பன் கட்டைக் கீழே வைத்தான். "வேல?"

ராமப்பன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"கெணத்துல தண்ணி?"

"தெளிஞ்சிருக்குது."

கரியப்பன் நெற்றியை வழித்து உதறினான். அவனோடு தூக்கிக்கொண்டிருந்த ஆள் டீ குடிக்கப் போய்விட்டிருந்தான். டிரைவர் ஹாரனை அடித்து அவசரப்படுத்தினார். கரியப்பன் அடுத்த கட்டின் ஒரு முனையைத் தனியாகத் தூக்கப் பார்த்தான். அது எழவில்லை. மறுபடி தூக்கினான்.

ராமப்பன் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய் நின்றான். கரியப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. சாலையைப் பார்த்தபடி, "ம்" என்று மூச்சைப் பிடித்தான். இருவரும் தூக்கினார்கள். கட்டு லாரிமேல் ஏறியது. அடுத்ததற்குக் குனிந்தார்கள். இன்னும் முப்பது கட்டாவது இருக்கும்.